கீச்சும் அதிர்வும்

"என்ன லோர்னா, தெருநாய்க்கெல்லாம் சொல்லி அனுப்புறியா?" என்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினான் டெஸ்மண்ட்.

லோர்னா சிரித்தாள். சிரித்தபடியே, எந்தக் குமிழைத் திருப்பியதற்கு இந்தக் கத்தல் என்று கண்ணால் தேடினாள். சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மேட்டுத் தெரு ஒன்றில் டெஸ்மண்டின் கார் கொட்டகை. கார் வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்க, அதன் இடத்தில் சிந்தசைசர்களும் டிரம் மெஷினும் ஒலிபெருக்கிகளும் பரவிக் கிடந்தன. இருவருக்கும் வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு மதியம் நகரப் பூங்காவில் இசைவிழா. இருபது வருடங்களுக்கும் மேலாக மேடை ஏறாத இவர்களுடைய 'செகண்ட் ஷிஃப்ட்' குழு அதில் வாசிக்கப்போகிறது என்று பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

குழுவுக்கு அந்தப் பெயர் வந்ததே லோர்னாவின் அம்மாவால்தான். அவள் கம்பளி ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போனால்தான் வீட்டில் சத்தம் போட முடியும். அக்கம்பக்கத்தார் சுவரைத் தட்டத் தட்ட இருவரும் வாசித்துத் தள்ளுவார்கள். டெஸ்மண்டின் மாமா ஜமைக்காவிலிருந்து வந்தவர். கல்யாணங்களுக்கு இசை போடுவதற்காக ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தன் கையாலேயே அறுத்துச் செய்தவர். அந்தப் பெட்டிகளில் வயிற்றைப் பிடித்து உலுக்கும் பாஸ், அந்தத் தாழ்ந்த அடிக்குரல், டெஸ்மண்டினுடையது. அதன் தலைக்கு மேல், மின்கம்பியில் குருவி தத்துவதுபோலத் தத்திப் போகும் கீச்சொலி லோர்னாவினுடையது. கீழேயும் மேலேயும் இப்படி இரண்டு. நடுவில் ஒன்றுமே கிடையாது. அப்படி ஒன்றை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. காலியாகக் கிடந்த ஆலைகளில் ஜனம் கூடி ஆடித் தீர்த்தது. முதல் இசைத்தட்டைக் கார் டிக்கியில் வைத்துக் கடை கடையாய்க் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரே கோடையில் அது நாடெங்கும் ஒலித்தது. தொலைக்காட்சியில்கூட வந்தார்கள், மின்சாரம் இணைக்காத கருவிகளின் முன்னால் நின்று வாசிப்பதுபோல் நடித்தார்கள். டெஸ்மண்டுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு லண்டன் கம்பெனிக்காரர் ஒருவர், அழகான பாடகி ஒருத்தியை முன்னால் நிறுத்தலாமே என்றார். "நிறுத்தலாம் சார், அவ பாஸை மறைக்காம நிப்பாளா?" என்று கேட்டான் டெஸ்மண்ட். அந்தக் கம்பெனி அதோடு போயிற்று. போலீஸ் வந்து ஆலைகளைப் பூட்டியது. இரண்டாவது ஆல்பம் கடைகளில் தூசி படிந்தது. சண்டை ஒன்றும் வரவில்லை. தொலைபேசிதான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போயிற்று. லோர்னா நீச்சல் குளத்தில் கைக்குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கப் போனாள்; டெஸ்மண்ட் பேருந்து ஓட்டப் போனான். நல்ல வாழ்க்கைதான் என்று இருவருமே நினைத்தார்கள். இப்போது பெர்லினிலும் டோக்கியோவிலும் இருக்கிற இளசுகள், இந்த மாதிரி இசையையெல்லாம் தொடங்கிவைத்தது நீங்கள்தான் என்று எழுதுகிறார்கள்.

"ரொம்பக் கூர்மையா இருக்கோ?" என்று லோர்னா மெல்லக் கேட்டாள்.

"பல்லு கூசுது."

அவள் கருவியிலிருந்து கையை எடுத்தாள். மருத்துவர் சொல்லி மூன்று மாதமாகிறது. இன்றோ நாளையோ சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டே வந்திருந்தாள்.

"எனக்குக் கேக்கலை, டெஸ். மேல போற சத்தம் எதுவுமே. பறவை, கதவு மணி, நான் போட்ட கீச்சு, எதுவும் இல்லை. கை பழக்கத்துல வாசிக்குது, அவ்வளவுதான். நீ வேற யாரையாவது பாரு."

டெஸ்மண்ட் போய்க் கெட்டிலைப் போட்டான். தண்ணீர் கொதித்து, தேநீர் ஊறி, பால் கலக்கும்வரை அவன் முதுகையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குவளையை அவள் கையில் கொடுத்தான்.

"வேற யாரைப் பாக்குறது? உங்கம்மாவையா? அவங்களுக்கு நான்னாலே ஆகாது."

"விளையாடாதே டெஸ்."

"சரி, இது கேக்குதா சொல்லு." பாஸின் தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்தினான். கொட்டகைத் தகரம் உறுமியது. அவள் கையிலிருந்த தேநீர் நடுங்கியது. முழங்கால் வழியாக இடுப்புக்கும், அங்கிருந்து மார்புக்கும் அது ஏறி வந்தது.

"கேக்குது," என்றாள்.

"அப்போ இந்தப் பக்கம் வா."

"அது உன் இடம்டா!"

"என் பேரு எழுதி வச்சிருக்கா? நவுரு."

அந்த வாரம் முழுக்கச் சிரிப்பும் வசவுமாகப் போயிற்று. பாஸ் லோர்னாவுக்கு இரண்டே நாளில் படிந்துவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம் உடம்பில் எங்கேயோ தங்கியிருந்தது. டெஸ்மண்டின் பாடுதான் திண்டாட்டம். பேருந்தின் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய தடித்த விரல்கள், ஒரு கட்டையை அழுத்தப் போனால் இரண்டை அழுத்தின. அவன் வாசிப்பது அவளுக்குக் கேட்காது. ஆனால் விரல் பிசகினால் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த உடனே மணிக்கட்டில் அடி விழும்.

"குருவிடா, குருவி! நீ கோழியை விரட்டுறே."

"இந்தக் குருவிக்கு இடுப்புவலி, விடு."

ஞாயிறு மதியம் மழை விட்டு வெயில் அடித்தது. பூங்காவின் புல்வெளி கொள்ளாத கூட்டம். அந்தக் காலத்து ஆட்கள் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இருவரும் இடம் மாறி நிற்பதைப் பார்த்து முன்வரிசையில் யாரோ கத்திச் சுட்டிக்காட்டினார்கள். முதல் பாட்டு சரியாகப் போயிற்று. இரண்டாவதில், எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கீச்சு வரவேண்டிய இடத்தில் டெஸ்மண்டின் விரல் தடுமாறி நின்றது. லோர்னா அதைக் கண்ணால் பார்த்தாள். யோசிக்கவில்லை. பாஸின் அந்த ஒரே சுரத்தை விடாமல் அழுத்திப் பிடித்தாள். பூங்கா முழுவதும் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. அவன் மறுபடி கட்டையைத் தொட்டதும் அவளும் பிடித்த சுரத்தை விட்டு அடுத்த அடிக்குப் போனாள். இரண்டும் சேர்ந்து இறங்கியபோது எழுந்த கூச்சலில் மேடைப் பலகை அதிர்ந்தது. இதை வேண்டுமென்றே புதிதாகச் செய்தார்கள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள்.

"இதை இப்படியே வச்சுக்கலாமா?" என்று டெஸ்மண்ட் வாயசைத்தான். அவளுக்குப் புரிந்தது.

மேடைக்குக் கீழே புல்லில் மழைத்தண்ணீர் தேங்கி ஒரு குட்டை. பாஸின் ஒவ்வொரு அடிக்கும் அதில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. நீல மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், லோர்னா வயதுதான் இருக்கும், ஆட்டத்தை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து காலணிகளைக் கழற்றி, காலுறைகளை உருவி, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். லோர்னா கைக்கடியிலிருந்த பாஸ் குமிழை மெதுவாக, இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.