ஐந்து போத்தல் தண்ணீர்

"பாலோ தண்ணி பாஸ்," என்றார் விழாக் குழுத் தலைவர் டாக்டர் ராஜசேகரன். ஏதோ சொந்த மகனே பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி அவர் முகமெல்லாம் சிரிப்பு.

மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர், ஆளுக்கொரு மினரல் தண்ணீர் போத்தல். ஸ்கூடாயில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் இந்த ஆண்டை 'நீர் ஆண்டு' என்று அறிவித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எல்லாத் துறையும் தண்ணீரைப் பற்றி எதையாவது செய்தாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இசைத்துறை மழைக்கு மெட்டுப் போட்டது. சட்டத்துறை ஆற்றுக்கு உரிமை உண்டா என்று பட்டிமன்றம் வைத்தது. கணக்கியல்காரர்கள்கூட விடவில்லை, ஒரு கோப்பைக் காப்பிக்குள் எத்தனை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று சுவரொட்டி அடித்தார்கள். இத்தனை பேரையும் கட்டி மேய்க்கிற வேலை சமூகவியல் விரிவுரையாளர் இன்பராணியின் தலையில் விழுந்தது. அவள் ஒப்பந்த ஆள், டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. மாட்டேன் என்று சொல்லும் வசதி ஒப்பந்த ஆட்களுக்கு எங்கே இருக்கிறது?

அத்தனை கூத்திலும் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பாலோ என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருபத்து மூன்று வீடுகள் கொண்ட லயம் ஒன்று இருக்கிறது. அங்கே குழாய் கிடையாது. ஓடையிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, குழந்தைக்குப் பால் கரைக்க. மழை பெய்தால் அது தேத்தண்ணீர் நிறம், பெய்யாவிட்டால் துரு நிறம். பெரிய சாலையில் போகும் அரசாங்கக் குழாயிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இழுத்தால் தீர்ந்தது கதை. தோட்ட நிர்வாகமோ தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று பத்து வருஷமாக ஒரே பல்லவி பாடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் அது கெட்ட தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தால், குழாய் போடச் சொல்லி நிர்வாகத்துக்கு உத்தரவு அனுப்புவதாக மாவட்டச் சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒரு தாளுக்காகத்தான் இன்பராணி ஏழு மாதம் மற்றவர்களின் பதாகைக்கும் மேசைவிரிப்புக்கும் நாயாய் அலைந்தாள்.

அந்தத் தாள்தான் இப்போது அவள் கையில் இருந்தது. லயத்திலிருந்து அனுப்பிய ஐந்து போத்தல் தண்ணீரிலும் கலங்கல் இல்லை, கிருமி இல்லை. குடிக்கத் தகுந்தது என்று கீழே முத்திரை.

"இது தப்பு, டாக்டர். அந்தத் தண்ணிய நான் கண்ணால பாத்திருக்கேன். மறுபடி எடுக்கணும்," என்றாள்.

"ஆய்வுக்கூடம் பொய் சொல்லுமா, இன்பா? ரிப்போர்ட் பிரிண்டுக்குப் போயாச்சு லா." ராஜசேகரன் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துக்கொண்டார். "தண்ணி நல்லா இருக்குன்னா சந்தோஷப்படணும். நீங்க என்னமோ யாரோ செத்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க. தோட்டத்து மேனேஜர் வேற விழாவுக்கு வர்றாரு. அந்தக் கண்ணாடிக் கிண்ணமே அவங்க குடுத்ததுதான்."

கிண்ணம்தான் விழாவின் உச்சம். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அகலம். நடுவில் பொறியியல் துறை ஒரு சின்ன நீரூற்று வைத்திருந்தது. ஒவ்வொரு துறையும் ஓரிடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்றும், எல்லாம் கலந்து மேலே பீய்ச்சும். பம்பின் சுவிட்சு இன்பராணியின் பொறுப்பு. சுவிட்சு போடுவதற்கு முனைவர் பட்டம் படித்த ஆள் தேவைப்பட்டது போலும். மற்ற பன்னிரண்டு பேரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போத்தல்களை வரிசையாகத் தட்டிவிட்டிருக்கலாம். செய்யவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு பாலோவுக்குப் போனாள். லயத்து வாசலில் குறுக்கே கட்டியிருந்த கொடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நீளத் துணி மொடமொடவென்று தொங்கியது. அதற்கடியில் குனிந்து ராசம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

ராசம்மா தோட்டத்தில் உதிரும் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்காரி, ஐம்பது தாண்டியவர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் லயத்துக்கு அவர்தான் தலைவர். நிர்வாக ஆபீசில் போய்க் கத்துவதும் அவர்தான், கத்திவிட்டு வந்து அழுவதும் அவர்தான்.

"வாங்க டீச்சர், பசியாறியாச்சா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் ஒரு டின் பானத்தை உடைத்து வைத்தார்.

"அக்கா, அந்த அஞ்சு போத்தல். தொட்டியில புடிச்சத அப்படியே ஊத்திக் குடுத்தீங்களா?"

"அப்படியேவா?" ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாராச்சும் அப்படிக் குடுப்பாங்களா? நாலு நாள் வேல டீச்சர். டவுனுக்குப் போயி புது வெள்ளத் துணி வாங்கியாந்து, நாலா மடிச்சு, மூணு வாட்டி வடிகட்டினோம். படிகாரம் போட்டுத் தெளிய விட்டு, மேல்தண்ணிய மட்டும் மொண்டு கொதிக்க வெச்சோம். செல்லப்பண்ணன் முதுகு வலியோட வெறகு ஒடச்சுக் குடுத்தாரு. வெயில்ல தூக்கிப் புடிச்சா அந்தாண்ட நிக்கற ஆளு தெரிஞ்சாங்க. அப்புறந்தான் ஐயாசாமி வேன்ல குடுத்து விட்டோம்."

மாதாவே, என்று இன்பராணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? அந்த அழுக்குத் தண்ணிதானே எனக்கு வேணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

ராசம்மாவின் சிரிப்பு நின்றது. "என்ன டீச்சர் பேசறீங்க? பெரிய மேடையில வெக்கப் போறோம், டத்தோ மாதிரிப் பெரிய மனுசங்கெல்லாம் வருவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அங்க போற தண்ணிய சேறாவா அனுப்புவோம்? எங்க கஷ்டத்தக் காட்டச் சொன்னீங்க, காட்டறோம். மானத்தையுமா காட்டணும்?"

இன்பராணிக்குச் சுருக்கென்றது. ஆமாம், அவள் அப்படித்தான் சொன்னாள். ஊக்கம் கொடுக்கிறேன் பேர்வழி என்று மேடை, டத்தோ, பத்திரிகைக்காரர்கள் என்று அளந்துவிட்டாள். தானே வந்து தொட்டியில் முக்கி எடுத்திருக்க வேண்டியவள், அன்றைக்குப் பார்த்து இசைத்துறைக்கு நாற்காலி எண்ணப் போய்விட்டாள். அதுவும் போகட்டும். ஏழு மாதமாக இந்த வீட்டுக்கு வருகிறாள். ஒரு தடவையாவது அவளுக்குத் தொட்டித் தண்ணீர் தந்திருக்கிறார்களா? டின் பானம், இல்லையென்றால் கண்ணாடி மாதிரித் தேத்தண்ணீர். அதற்குத் தெளிந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதே இல்லை. தண்ணீரைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவளின் லட்சணம் இது.

அவள் தாளை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னாள். இனி சுகாதார அதிகாரி கையை விரித்துவிடுவார். நிர்வாகம் இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்ளும். குழாய் வராது.

ராசம்மாவுக்கு மலாய் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். முத்திரைக்கு மேலிருந்த வரியை விரல் வைத்துப் படித்தார்.

"அப்ப நாங்க வடிகட்டுனத, அவங்க தண்ணின்னு எழுதிட்டாங்க."

"ஆமாக்கா."

"வெறகு எங்களுது. துணி எங்களுது. நல்ல பேரு மட்டும் அவங்களுக்கு." ராசம்மா தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "விழா என்னிக்கு சொன்னீங்க?"

"புதன்கெழம. மேடையில உங்க போத்தல ஊத்த ஒரு ஆளு வரணும். நீங்க வரவேணாம்க்கா. அவனுங்களுக்கு நாம ஏன் படம் எடுக்க நிக்கணும்?"

"நான் வர்றேன்," என்றார் ராசம்மா.

புதன்கிழமை மண்டபம் குளிர்சாதனத்தில் உறைந்துகிடந்தது. ஐயாசாமியின் வேனில் வந்திறங்கிய ராசம்மா பச்சைப் பட்டுச் சேலையில், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் துறைகள் ஒவ்வொன்றாக வந்து ஊற்றின. மலையருவித் தண்ணீர், மழைத் தண்ணீர், வளாகத்து ஏரித் தண்ணீர். ஏரித் தண்ணீர் பாசி நிறமாக இருந்ததால் ராஜசேகரன் அதைக் கொட்டிவிட்டுக் குழாயில் பிடிக்கச் சொன்னது இன்பராணிக்குத் தெரியும். நீரூற்று வெள்ளி மாதிரி எழும்பியது. மேசைக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய காலடியில் சுவிட்சு.

"கடைசியா, பாலோ தோட்டத்து மக்களோட தண்ணீர்," என்று ராஜசேகரன் மூன்று மொழியிலும் அறிவித்தார். "எங்க ஆய்வுக்கூடம் பரிசோதிச்சு, குடிக்கத் தகுந்ததுன்னு சான்று குடுத்த தண்ணீர்." முன்வரிசையில் தோட்டத்து மேனேஜர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

ராசம்மா மேடையேறினார். மேசையில் லேபிள் ஒட்டி வைத்திருந்த போத்தலை அவர் தொடவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு துணியை எடுத்து உதறினார். மொடமொடவென்று மடிப்புப் பிரிந்த பிறகுதான் இன்பராணிக்குத் தெரிந்தது, கொடியில் தொங்கிய துணி. சாயத்துணி என்று நினைத்துக் குனிந்து போயிருந்தாள். வாங்கியபோது அது வெள்ளைத் துணி.

ராஜசேகரன் நீட்டிய மைக்கை ராசம்மா நிதானமாக வாங்கிக்கொண்டார். தோட்டத்து மலாயில், மேனேஜரைப் பார்த்துத்தான் பேசினார். போத்தலில் இருப்பது நாங்கள் நாலு நாள் வேலை செய்த தண்ணீர், ஐயா. உங்கள் தொட்டியில் இருந்தது இதுதான். அவ்வளவுதான் சொன்னார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, துணியைக் கிண்ணத்துக்குள் முக்கினார். வீட்டுத் துணி அலசுகிற மாதிரி இரண்டு பக்கமும் புரட்டி அலசினார்.

முதலில் அடியில் மட்டும் ஒரு புகை மாதிரிப் பரவியது. பிறகு மலையருவி, மழை, ஏரி என்று பேர் எழுதி ஊற்றிய அத்தனையும் ஒரே நிறமானது. மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கைப்பேசியைத் தூக்கினார்கள்.

"இன்பா," ராஜசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு, புகைப்படத்துக்கான சிரிப்பு மாறாமல் கூப்பிட்டார். "சுவிட்ச். சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. காதுல விழுதா?"

காதில் நன்றாகவே விழுந்தது. டிசம்பர் ஞாபகம் வந்தது, பெர்மாஸ் ஜெயாவில் அவள் இருக்கும் வாடகை வீடும் ஞாபகம் வந்தது. சுவிட்சு அவள் செருப்பு நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இன்பராணி காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பம்பு தன் வேலையைச் செய்தது. கிண்ணத்தின் நடுவிலிருந்து தேத்தண்ணீர் நிறத்தில் ஊற்று எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று, வெள்ளை மேசைவிரிப்பின் மேல் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. ராசம்மா துணியை இறுக்கிப் பிழிந்து இன்னொரு முறை முக்கினார்.