திருப்பிப் போட்ட டயர்

விடிவதற்கு முன்பே லாரி வந்து நின்றுவிட்டது. கீலுங்கில் மழை பிடித்து அன்றோடு ஒன்பது நாள். துறைமுகத்துப் பக்கம் காய்ந்த துணி என்று எவர் வீட்டிலும் ஒன்று கிடையாது. ஷு-பின் மழைக்கோட்டின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் சிலிண்டரை லாரிப் பலகையிலிருந்து இறக்கினாள். நிரம்பிய சிலிண்டர் நாற்பது கிலோ. பாதி எரிவாயு, பாதி இரும்பு. கழுத்து வளையத்தைப் பிடித்துச் சாய்த்து, அடி விளிம்பிலேயே தரையில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். உருட்டும்போது எழுகிற கரகரப்பு பல்லுக்குள்வரை கூசும். பதினொரு வருடமாக அந்த ஓசையில்தான் அவளுக்குப் பொழுது விடிகிறது.

அவள் வேலை பார்க்கும் கேஸ் கடையில் அவளையும் சேர்த்து ஏழு பேர் வண்டி ஓட்டினார்கள். அவள் ஒருத்திதான் பெண். மலைமேல் அடுக்கடுக்காக ஏறும் வீடுகளுக்கு மோட்டார்சைக்கிளில் சிலிண்டர் கொண்டுபோய், வண்டி ஏறாத இடத்தில் படியில் தோளில் தூக்கிப்போய்க் கொடுப்பது வேலை. சிலிண்டருக்கு இவ்வளவு என்று கூலி. முன்பெல்லாம் வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர் தொங்கும். போன வேனிற்காலத்தில் எதிர்த்தெருக் கடைக்காரன் இருபதே நிமிடத்தில் கொண்டுவருவதாக விளம்பரம் போட்டான். உடனே எல்லோரும் 'தவுக்கே' என்று கூப்பிடும் முதலாளி ஹுங் ஒரு வெல்டிங்காரனைக் கூப்பிட்டு, எல்லா வண்டிக்கும் இடப்பக்கம் பெரிய இரும்புக் கூண்டு வைத்துவிட்டார். வலப்பக்கம் புகைக்குழாய் இருப்பதால் அங்கே ஒன்றுக்கு மேல் ஏறாது. ஆக இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஒரு நடைக்கு மூன்று. நடை குறைகிறதே என்று சொல்லி அதே மாதம் சிலிண்டர் கூலியையும் குறைத்தார்.

"அண்ணே, பாத்து இறங்குங்க. கோயில் வளைவுல தண்ணி ஓடுது" என்றாள் ஷு-பின்.

"நான் பாக்காத தண்ணியா" என்றபடி ஆ-குன் பாக்குச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஐம்பதைத் தாண்டியவன், அவளுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான்.

கால்மணி நேரத்தில் தகவல் வந்தது. கடலம்மன் கோயில் வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்துவிட்டது. கூண்டிலிருந்த சிலிண்டர் இரண்டும் அவன் கால்மேல் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கேஸ் கசியவில்லை. கசிந்திருந்தால் அந்தத் தெருவே இருந்திருக்காது.

மத்தியானம் வண்டியைக் கடை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். முதலாளி ஹுங் குடை பிடித்துக்கொண்டு வந்து பின் டயர் முன்னால் குந்தினார். டயர் பார்ப்பதில் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். நடுக்கோட்டில், ரப்பர்ப் பட்டன்களுக்கு இடையே, கட்டைவிரல் நகத்தை இறக்கிப் பார்ப்பார். நகம் பதிந்தால் டயர் நல்ல டயர்.

"நடுவுல பட்டன் எவ்வளவு இருக்கு பாருங்க. ஓரம்தான் மொட்டை. ரெண்டு ஓரமும் மொட்டை" என்றவர் டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு நிறுத்தினார். அங்கே சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. அது பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க எல்லாரும். செஞ்சவன் அம்பு போட்டே வச்சிருக்கான், இப்படித்தான் மாட்டணும்னு. இவன் டயரைக் கழட்டித் திருப்பிப் போட்டிருக்கான். தண்ணிய வெளிய தள்ள வேண்டிய கோடு உள்ள இழுத்திருக்கு. வழுக்காம என்ன செய்யும்? என் வண்டிய என்னைக் கேக்காமத் தொட்டா இதுதான் கதி."

ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஷு-பின்னுக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது. அவள் வண்டியின் பின் டயரிலும் அம்பு பின்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வலப்பக்க ஓரம் மட்டும் மழித்தாற்போல் தேய்ந்திருப்பதை அவள் கவனித்தாள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, டயர் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியும் பார்த்தாள். அவர் நகத்தை நடுவில் இறக்கினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நேரா உக்காந்து ஓட்டு. பொம்பள ஓட்டுனா இப்படித்தான் ஒருபக்கமாத் தேயும்" என்றார். கூட இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலையே பஞ்சர்க் கடையில் தன் கைக்காசைக் கொடுத்து டயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தேய்ந்த ஓரம் இடப்பக்கம் போய்விட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் ஷு-பின் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆ-குன் கண்ணை மூடிக் கிடந்தான். அவன் மனைவி யுவே-ஓ ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"தவுக்கே ஆள் மூலமாக் குடுத்துவிட்டாரு. டயரை நானாத் திருப்பிப் போட்டேன், கடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதியிருக்கு. நாளைக்குக் காலைல கையெழுத்தோட வேணுமாம். குடுத்தா இரக்கப்பட்டு வைத்தியத்துக்கு ஏதாச்சும் செய்வாராம். இல்லேன்னா அதுவும் கிடையாதாம். நீ சொல்லு ஷு-பின், போடலாமா?"

ஷு-பின் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"போடாம? நான்தான திருப்பிப் போட்டேன். பொய்யா எழுதியிருக்காரு?" ஆ-குன் கண்ணைத் திறக்கவில்லை. "இருபது வருசம் ஓட்டுறேன். எனக்கே கோணலாத் தேயுதுன்னா வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நானும்தான் அண்ணே என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அடுத்த காகிதம் தனக்கு வரும். கப்பல் வேலைக்குப் போன புருஷன் அனுப்பும் பணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே சரியாகிவிடுகிறது. போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்றபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நேரே மே-ஜுவின் பஞ்சர்க் கடைக்குப் போனாள். மே-ஜு அவள் வயதுக்காரி. புருஷனைத் துரத்திவிட்டுக் கடையை மட்டும் வைத்துக்கொண்டவள் என்று துறைமுகத்தில் பெயர்.

"என்னடி, திருப்பிப் போட்டு ரெண்டு மாசம்தான ஆச்சு. அந்த ஓரமும் போச்சா?"

"ஆ-குன் அண்ணனுக்கும் நீதான் போட்டியா?"

"யாரு வந்தாங்கன்னு நான் சொல்றதில்ல. உன்னைப் பத்தி யார்கிட்டயாச்சும் சொன்னேனா?"

"பேரு வேணாம். எங்க கடை வண்டி எத்தனைக்குத் திருப்பிப் போட்டேன்னு மட்டும் சொல்லு."

மே-ஜு கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். மழையைப் பார்த்தாள். "ஏழு" என்றாள்.

"நாங்களே ஏழு பேருதான்."

"அதத்தான் சொல்றேன். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்தீங்க. ஒவ்வொருத்தரும் 'வெளிய சொல்லிடாத'ன்னீங்க. ஏழு பேரும் தன் குண்டிதான் கோணல்னு நெனச்சுக்கிட்டு வந்தீங்க. அம்பு மாறும், மழையில வழுக்கும்னு நானும் ஏழு தடவை சொன்னேன். கேட்டீங்களா?"

ஷு-பின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கூண்டால இருக்குமோன்னு நானும் நெனச்சேன். ஆனா பாரம் இடப்பக்கம்ல இருக்கு. தேயுறது வலப்பக்கம். அதான் என் மேலதான் தப்புன்னு விட்டுட்டேன்."

டியூபை முக்கிப் பார்க்கும் வாளி நிறையத் தண்ணீரோடு அங்கே இருந்தது. மே-ஜு அதைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"இடது கையில தூக்கு. நட."

ஷு-பின் தூக்கினாள். நான்கு எட்டு வைத்தாள்.

"உன் உடம்பு எந்தப் பக்கம் சாயுது?"

வலப்பக்கம். சாயாமல் நடக்கப் பார்த்தாள், விழப் போனாள். பாரம் ஒரு பக்கம் இழுக்க, விழாமல் இருக்க உடம்பு மறுபக்கம் போகிறது. வண்டியும் அப்படித்தான் போயிருக்கிறது. நேர்ச்சாலையில்கூட டயரின் வலது ஓரத்தால் நடந்திருக்கிறது, ஏழு வண்டியும், ஒன்பது மாதமாக. அவள் வாளியை இறக்கிவைத்தாள். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் லாரி வரும்முன்பே அவள் முற்றத்தில் தன் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முதலாளியும் வந்தார்.

"லாரி வர்ற நேரத்துல என்ன பண்ற?"

"சக்கரம் கழட்டுறேன் தவுக்கே."

"உன்ன யாரு கழட்டச் சொன்னது?"

ஷு-பின் சக்கரத்தை உருவி எடுத்துக் கடை வாசல் படியில் சாய்த்துவைத்தாள். அம்பு தெரிகிற மாதிரி வைத்தாள்.

"நானும் திருப்பித்தான் போட்டிருக்கேன். ரெண்டு மாசமாச்சு."

முதலாளி குனிந்து அம்பைப் பார்த்தார். பிறகு, "நல்லது, நீயே ஒத்துக்கிட்ட. உனக்கும் அதே காகிதம் அடிச்சுடலாம்" என்றார்.

"அடிங்க."

கூரைத் தகரத்தில் மழை மட்டும் கொட்டியது. ஐந்து பேரில் எப்போதும் வாய் ஓயாத லாய் தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டிக்கொண்டோம் என்று ஷு-பின் நினைத்தாள். ஏழு பேர் என்று மே-ஜு சொன்னது பொய்யாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தைப் போல நீளமான நிமிடம் அவள் வாழ்க்கையில் இல்லை.

அவர்களில் வயதில் மூத்த பெங் வந்து அவள் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினான். தன் வண்டிக்குப் போனான். நட்டைத் திருகினான்.

"அடப் பாவி, நீயுமா?" என்றான் லாய். "உலகத்துலயே எனக்கு மட்டும்தான் ஆண்டவன் கோணக் குண்டி வச்சு அனுப்பிட்டான்னு இருந்தேன். பெண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. குடு அதை இங்க."

அரைமணி நேரத்தில் படியோரம் ஆறு சக்கரங்கள் நின்றன. முற்றத்தில் கிடந்த ஆ-குன் வண்டியிலிருந்து பெங் ஏழாவதையும் கழற்றிக் கொண்டுவந்து வைத்தான். ஏழிலும் அம்பு பின்பக்கம். ஏழிலும் நடுவில் பட்டன், இரண்டு ஓரமும் மொட்டை. லாரிக்காரன் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான்.

"ஒருத்தர் டயர் இப்படித் தேஞ்சா அவரு ஓட்டுற லட்சணம்னு சொல்லலாம் தவுக்கே. ஏழு பேருக்கும் ஒரே இடத்துல தேயுது. கூண்டு வச்சதுலேர்ந்து தேயுது" என்றாள் ஷு-பின்.

"கூண்டு இடப்பக்கம் இருக்கு. உங்களுக்குத் தேஞ்சது வலப்பக்கம். அப்புறம் ஊரைக் கூட்டித் திருப்பிப் போட்டீங்க. யாருக்குக் காது குத்துற? கூண்டுதான் காரணம்னா இடப்பக்கம் தேயணும்."

அவள் வாளிக் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெங் மழைக்கோட்டைக் கழற்றினான். சட்டையையும் கழற்றினான். அந்தக் குளிரில் வெறும் உடம்போடு முதலாளிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"இருபத்தாறு வருசமா உங்க சிலிண்டரை இடது தோள்லதான் தூக்குறேன். இப்ப தோள்ல ஒண்ணுமில்ல. நான் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிறேன்னு பாத்துச் சொல்லுங்க."

முதுகெலும்பு வலப்பக்கம் வளைந்திருந்தது. இடது தோள் காய்த்துத் தடித்து மேலே ஏறியிருந்தது. அவனை நேராக நிறுத்த இனி யாராலும் முடியாது. முதலாளி பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். அவரும் சின்ன வயதில் தூக்கியவர்தான்.

"சட்டையப் போடுங்க அண்ணே, சளி பிடிக்கும்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஒரு போன் போட்டா பத்து பேர் வருவாங்க. தெரியும்ல?"

"வரட்டும். கூண்டு அதேதான. அவங்க டயரும் இப்படித்தான் தேயும். அவங்கள்ல எவன் கால் முறியப்போகுதுன்னு நீங்களே சீட்டுப் போட்டுப் பாத்துக்கங்க" என்றாள் ஷு-பின். "இடப்பக்கக் கூண்டை அறுத்து எடுக்கணும். டயர் எல்லாம் புதுசு போடணும். ஆ-குன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கால் சரியாகுற வரைக்கும் கூலி. அதுவரைக்கும் சக்கரம் ஏறாது. முடியாதுன்னா ஏழையும் தொழிலாளர் ஆபீசுக்கு உருட்டிட்டுப் போறோம்."

கடைக்குள் தொலைபேசி அடித்தது. முதலாளியின் மருமகள் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். மலைமேல் இருக்கிற காலைப் பலகாரக் கடைகள் எல்லாம் கேஸ் கேட்டுக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் யுவே-ஓ வந்தாள். இரவு முழுக்கத் தூங்காத முகம். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடித்த காகிதம். ஆ-குன் ராத்திரியே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தான்.

முதலாளி கையை நீட்டினார். "வாம்மா. உன் புருஷன் விவரம் தெரிஞ்சவன். குடு."

யுவே-ஓ படியோரம் நின்ற சக்கரங்களைப் பார்த்தாள். பிறகு ஷு-பின்னைப் பார்த்தாள்.

"நேத்தே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும் மதினி. பயந்துட்டேன்" என்றாள் ஷு-பின். "நாங்க எல்லாரும் திருப்பிப் போட்டவங்கதான்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் அண்ணி" என்றான் லாய். "வெக்கம்கெட்ட பயலுக, ஒருத்தனும் சொல்லல. இப்ப இந்த ஏழையும் தொழிலாளர் ஆபீசுக்குக் கொண்டுபோறோம்."

முதலாளியின் கை நீண்டபடியே இருந்தது. யுவே-ஓ உறையை மழைக்கோட்டுக்குள், சட்டைக்கும் உள்ளே செருகிப் பொத்தானைப் போட்டாள்.

"அவருகிட்ட மறுபடி கேட்டுட்டு வர்றேன் தவுக்கே" என்றாள். "ஆறு பேரு ஏழு சக்கரத்தை எப்படிடா தூக்குவீங்க? அவரோடது எது?"

பெங் காட்டினான்.

தொழிலாளர் அலுவலகம் துறைமுகத்துக்கு அந்தப்பக்கம். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். ஏழு பேரும் ஆளுக்கொரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். கோயில் வளைவில் யுவே-ஓவின் கையிலிருந்து சக்கரம் வழுக்கி ஓடப் பார்த்தது. ஷு-பின் எட்டிப் பிடித்துக் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் எதிர்த்தெருக் கடையின் பையன்கள் இரண்டு பேர் மூன்று மூன்று சிலிண்டரோடு வந்தார்கள், வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவன் காலை ஊன்றி நின்று, குனிந்து, தன் பின் டயரின் ஓரத்தைப் பார்த்தான்.

அலுவலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். எட்டே காலுக்கெல்லாம் அவர்கள் வாசலில் இருந்தார்கள்.