திரைச்சீலை அசைந்ததா?

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த அண்ணன், வெள்ளைக்கோலை மடிக்காமலே சோபாவில் எறிந்தான்.

"ஏண்டி, உன்கிட்ட நான் முடிவு கேட்டேனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தான், குடிக்கவில்லை.

பார்வையற்றவர்கள் படம் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு ஒலித்தடம் உண்டு. வசனம் ஓய்கிற இடைவெளிகளில் ஒரு குரல், "கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு போகும். அந்த வரிகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. இதில் முக்கியமான விதி ஒன்றே ஒன்று: கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லலாம், மனதுக்குத் தோன்றுவதைச் சொல்லக்கூடாது. "அவள் வருந்துகிறாள்" என்று எழுத மாட்டேன். "கண்களைத் தாழ்த்துகிறாள்" என்று எழுதுவேன். வருத்தமா வெட்கமா என்பது கேட்பவர் பாடு.

போன வாரம் வீட்டுத் திரைக்கு வந்த படம் அது. கனவுக்குள் கனவாக இறங்கிப்போகும் ஒரு பெண்ணின் கதை. விழித்திருக்கிறோமா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு சோதனை இருக்கிறது. கனவில் மின்விசிறி சுற்றும். காற்று மட்டும் வராது. காகிதம் பறக்காது, முடி அசையாது. எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்! பெரிய மந்திரம் எதுவும் வேண்டாம், இயந்திரம் ஓடும், பலன் இருக்காது, அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் அவள் வீடு திரும்புகிறாள். இறந்துவிட்டதாக நாம் நம்பிய மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அம்மா விசிறியைப் போடுகிறாள். கேமரா மெதுவாக ஜன்னல் திரைச்சீலையின் கீழ் ஓரத்துக்கு இறங்குகிறது. அது அசைகிறதா என்று நாம் குனிந்து பார்ப்பதற்குள் திரை இருண்டுவிடுகிறது.

நான் எழுதியது: "விசிறி சுற்றத் தொடங்குகிறது. திரைச்சீலையின் ஓரம். இருட்டு."

அண்ணன் காதில் விழுந்தது: "திரைச்சீலை அசைகிறது. அவள் விழித்துவிட்டாள்."

"நான் அப்படி எழுதலண்ணா."

"பின்ன பேயா எழுதிச்சு?"

அண்ணன் லிஃப்ட் நிறுவனமொன்றில் தொலைபேசியில் புகார் கேட்கிறவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே இந்த முடிவைப் பற்றிப் பெரிய வாக்குவாதமாம். கனவு என்று பாதிப் பேர், நனவு என்று மீதிப் பேர். இவன், "அசையுதுப்பா, அதுல என்ன சந்தேகம்?" என்றிருக்கிறான். பக்கத்து இருக்கைக்காரனுக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர். அவன், "உனக்கு மட்டும் தனியா ஒரு முடிவு எடுத்து அனுப்புனாங்களா?" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

"அவன் சிரிச்சதுகூடப் பரவாயில்ல. நானும் சண்டை போடலாம்னுதான உட்கார்ந்தேன்? பார்த்தா, என் சண்டைய எவனோ முன்னாடியே போட்டு முடிச்சுட்டான்."

காது மடல்கள் சூடாகிவிட்டன எனக்கு. உடனே என் மேலாளரைப் போனில் அழைத்தேன். அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆமாம்மா, பதிவு பண்றப்போ நான்தான் மாத்தினேன்," என்றார் அந்த அம்மாள், குரலில் ஒரு பெருமிதத்துடன். "பார்க்குறவங்களுக்கே தலை சுத்துது. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?"

"தலை சுத்தணும்னுதானே மேடம் அந்தப் படத்தையே எடுத்திருக்காங்க?"

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான். "எல்லாரும் கட்டுற சந்தாதான் மேடம் நானும் கட்டுறேன். எனக்கு மட்டும் ஏன் குழப்பத்த எடுத்துட்டுக் குடுத்தீங்க?"

"யாரு பேசுறது?"

"பாவம்னு சொன்னீங்களே, அந்தப் பாவம்தான்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். "நல்லதுன்னு நினைச்சுத்தான் சார்… குழந்தை உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்குமேன்னு…"

"என் நிம்மதிய நான் பார்த்துக்குறேன்."

நாளைக்கு அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு வைத்தார். அந்த 'நாளைக்கு' நல்லதாக இருக்காது என்று தெரிந்தது. இருக்கட்டும்.

ஆனால் என் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அண்ணனிடம் விளக்கினேன். விவரிக்கும் குரல் முக்கியமான எந்த ஓசையையும் மிதிக்கக்கூடாது. அந்தக் கடைசி இடத்தில் ஒலியமைப்பாளர் இசையை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டிருந்தார். அதற்கும் அடியில் மெல்லியதாக வேறொன்று. அதற்காகத்தான் அந்த இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். சரியாக அதன் தலையிலேயே, "அவள் விழித்துவிட்டாள்" என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அங்க சத்தம் இருக்கா? என்ன சத்தம்?"

"சொல்ல மாட்டேன்."

வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான். "சொன்னா கொன்னுடுவேன்."

விவரணையை அணைத்துவிட்டுக் கடைசிக் காட்சியைப் போட்டேன். அண்ணன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைச் சாய்த்தான். முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"துணி மாதிரியும் இருக்கு, அந்தப் பொண்ணு மூச்சு மாதிரியும் இருக்கு. உன் வீட்டு ஃபேன் வேற. எது படத்துல ஓடுது, எது தலைக்கு மேல ஓடுதுன்னே தெரியல. அத நிறுத்து முதல்ல."

விசிறியை அணைத்தேன். தெருச் சத்தம் வராமல் ஜன்னலையும் சாத்தினேன். புழுக்கம் உடனே கவிந்தது. அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது, துடைக்கவில்லை. ரிமோட்டின் பொத்தான் மீது கட்டைவிரலை அழுத்தாமல் வைத்திருந்தான்.

"நின்னுடுச்சா?"

நிமிர்ந்து பார்த்தேன். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

"நீ சொல்லாத," என்றான் அவசரமாக. "எனக்கே கேட்கும்."

முகத்தை மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். நானும் பிடித்துக்கொண்டேன். எங்கள் தலைக்கு மேல் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.