மார்கரெட்

"பசிக்குதா?" என்று கேட்டேன். அவர் பாடினார்.

பிட்ட இட்லியோடு கை அந்தரத்தில் நிற்க, முழுப் பாட்டையும் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. ஆரம்பித்துவிட்டால் இடையில் நிறுத்த அவரால் முடியாது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போன மனுசன். தண்ணி என்று சொல்ல வராது. அம்மா என்று சொல்ல வராது. ஆனால் இந்த இங்கிலீஷ் பாட்டு மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் வரும். ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், கப்பலில் சமையல் வேலை பார்க்கிறவன் மேல்தட்டில் நிற்கிற பணக்காரப் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. அவள் பெயர் மார்கரெட். ஒவ்வொரு அடியும் சுற்றி வளைத்து அவள் பெயரில்தான் போய் முடியும்.

பக்கத்து வீட்டு மங்கலத்துக்குப் பொறுக்கவில்லை. "யாருக்கா அந்த மார்கரெட்டு? நாள் பூரா மாமா கூப்புட்டுகினே இருக்காரு."

"உங்க மாமாவோட சின்ன வூடுடி. கப்பல்ல இருக்கறா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு உள்ளே வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில் மூட்டை கட்டுகிற பிரிவில் வேலை பார்த்தவர் அவர். எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையில் அந்த மருந்து நெடி போகாது. வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, பாண்டிச்சேரியில் தேடிப் பிடித்து வாங்கிய சிடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாம் எங்கள் இரண்டு பேரையும் பெற்றவர்கள் காலத்துப் படங்கள். அதில் ஆண்களெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு செருப்புச் சத்தத்தாலேயே தாளம் போடுவார்கள். பேசிக்கொண்டே இருக்கிறவர்கள் திடீரென்று பாட ஆரம்பித்துவிடுவார்கள். "காலுல முள்ளு குத்திக்கினா மாதிரி என்னாத்துக்கு இப்பிடிக் குதிக்கிறானுங்க?" என்று கேட்பேன். "சந்தோசத்துல குதிக்கிறாங்க மகேஸ்வரி. மனுசனுக்கு சந்தோசம் வந்தா நடக்க முடியுமா?" என்பார். இங்கிலீஷ் அவருக்கு அரைகுறைதான். பாட்டுகளை மட்டும் கேட்டுக் கேட்டே நெட்டுரு போட்டுவிட்டார்.

மகேஸ்வரி என்று என்னை அவர் கூப்பிட்டதும் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகியதுதான். நான் பிறந்த கிள்ளையில் என் அப்பா என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. 'ஏய்', 'இந்தாடி', அவ்வளவுதான். இவர் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே ஊருக்குக் கேட்கிற மாதிரி "மகேஸ்வரீ" என்று இழுப்பார். கல்யாணமான புதிதில் வெட்கத்தில் கூசிப் போனேன். அப்புறம் அந்தக் குரல் வருகிற நேரத்துக்கு அடுப்பை விட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தேன். அந்த ஒன்றுக்காகவே அந்தக் குதிக்கிற வெள்ளைக்காரர்களைச் சகித்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சரண்யா. எனக்கு மகள் பிறந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். "பேச்சு மூளையில ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம்மா. அவுங்களுக்குப் பேசற பக்கம் அடிபட்டிருக்கு. பாட்டு வர்ற வழியாவே பேச்சக் கூட்டியாரப் பாக்கணும். அந்த மெட்டுல நம்ம வார்த்தையப் போட்டுப் பாடுங்க. ஆனா இப்பவே செய்யணும். நாளாயிட்டா கஷ்டம்" என்றாள்.

தாலாட்டுப் பாடக்கூட வாய்க்காதவள் நான். அந்தக் கப்பல் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, கரண்டு போனால் காத்திருந்து, வந்ததும் மறுபடி போட்டு, மெட்டைப் பிடித்தேன். தண்ணி, சோறு, வலி என்ற வார்த்தைகளைப் போடச் சொல்லியிருந்தாள் சரண்யா. எனக்கு அவை வேண்டாம். தண்ணீர் வேண்டும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த மனுசனுக்கு நான் யாரென்று தெரிகிறதா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இட்லி ஊட்டுகிறவள், துணி மாற்றுகிறவள் என்று தெரியும். மகேஸ்வரி என்று தெரியுமா? மார்கரெட் வருகிற இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டேன்.

சிதம்பரத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ் செம்மங்குப்பத்தைத் தொட்டது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் அந்த நெடியை இழுத்து மூச்சு விட்டார். என்ன நினைத்துக்கொண்டாரோ, சத்தமாகப் பாட ஆரம்பித்தார். பின்சீட்டில் காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. நானும் சேர்ந்து பாடினேன். நிறைந்த பஸ்ஸில் என் பெயரை நானே கத்திப் பாடினேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த அடியில் அந்த இடம் வந்தபோது, "ம..." என்று உதடு குவிந்து நடுங்கியது. என் உயிரே அந்த உதட்டில் வந்து நின்றது.

"மார்கரெட்" என்று பாடி முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சிடியை எடுத்து இரண்டாக ஒடித்தேன். "யோவ், நான் என்னா மார்கரெட்டா? அவளா உனக்குப் பீ மூத்திரம் அள்ளிக் கொட்டறா? ஒரு தடவ சொல்லுய்யா. ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிட்டு அப்புறம் ஊமையாவே கெட!" அவர் இடது கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கையைப் பிடிக்கப் பிடிக்கத் திமிறி அடித்துக்கொண்டார். தெரிகிறது, வரவில்லை. அதை நான் அப்போதுதான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஆறவில்லை. தெரிந்தும் வராமல் போவதைவிடத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவர் பாடுவதும் நின்றுபோனது. வீடு செத்துக் கிடந்தது. படுபாவி, இருந்த ஒரு குரலையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மெட்டை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மங்கலம் குடத்தோடு வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ சரிந்து விழுகிற சத்தம். அதன் பின்னாலேயே குரல்.

"மார்கரெட்!"

பாட்டின் மற்ற வரிகள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மார்கரெட்டே!"

மங்கலம் குடத்தை இறக்கி வைத்தாள். "அக்கா, பாட்டு இல்லக்கா. பேசறாரு."

மெட்டு எதுவும் இல்லை. தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்குகிறவரின் அதே இழுப்பு. கொஞ்சம் கோபம்கூட இருந்தது, எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறேன் என்பது போல. அந்தப் பெயருக்கு வாயைத் திறந்தால் இனி என் பெயர் இந்த வீட்டில் இல்லை என்று தெரிந்தது.

"தோ வர்றங்க!" என்றேன்.

கட்டிலிலிருந்து பாதி சரிந்து, இடது கையால் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். என் கையிலிருந்த செதில்கள் அவர் முதுகிலும் தோளிலும் அப்பிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மினுமினுத்தன.