பதினேழாம் வீட்டில் மூன்று பேர்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சொன்னவர்களுக்கு என்ன தெரியும். கணக்கெடுப்புக்காரிக்கு அது முழுசாக ஐந்து வருடம் உதவியது.

அந்தப் புறநகரில் ஆயிரம் பேருக்குக் குறையக்கூடாது, சராசரி வருமானமும் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அப்படி இருந்தால்தான் தெருக்கோடி ஆஸ்பத்திரியில் இலவசமாக ரத்தம் சுத்திகரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் அந்த மெஷினில் படுத்துத்தான் உயிரோடு இருந்தார். போன கணக்கெடுப்பில் தேறியது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு தலை. பூட்டியே கிடந்த பதினேழாம் எண் வீட்டில் அவளாகவே மூன்று பேரைக் குடிவைத்தாள். கணவன், மனைவி, எட்டு வயது மகள். சராசரி ஏறிவிடுமே என்று வருமானத்தைக் கிள்ளி எழுதினாள். வீடு ஒரே அறை என்றாள். எல்லாம் நம்பும்படி இருக்கட்டும் என்று மகளுக்கு 'நடக்க இயலாது' கட்டத்தில் ஒரு டிக்கும் போட்டாள். பாவி, அதில் ஒரு பெருமை வேறு.

இந்த முறையும் மற்ற வீடுகளை முடித்தபோது அதே தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுதான்.

"வருமானமும் மயிரிழையிலதான் நிக்குதும்மா," என்றார் போனில் மேற்பார்வையாளர். "ஒரு வீட்டுல கூடினாலும் ஆஸ்பத்திரி போச்சு."

பழைய மூன்று பேருக்கும் ஐந்து வயது கூட்டினால் வேலை முடிந்தது. ஆனாலும் கதவைத் தட்டாமல் எழுதக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே. பதினேழாம் வீட்டுக் கதவைக் கடமைக்குத் தட்டினாள்.

கதவு திறந்தது.

"வாங்க மேடம். உங்களத்தான் பார்த்துக்கிட்டே இருந்தோம்," என்றாள் ஒரு பெண்.

வெளியே நான்கு ஜன்னல் வைத்த வீடு. உள்ளே ஒரே அறைதான் இருந்தது. பாயில் ஒரு ஆள் சுருண்டு படுத்திருந்தான். பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எப்ப குடி வந்தீங்க?"

"நீங்கதானே எங்கள வச்சீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "குறை சொல்லல மேடம். நீங்க எழுதின வருமானத்துல ஒரு வேளைச் சோறுதான் வருது. அஞ்சு வருஷமா இழுத்துப் பிடிச்சுப் பார்த்துட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் பார்த்து எழுதுங்க."

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி அந்த டிக்?" என்று கேட்டாள் மகள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரருக்கு மெஷின். குனிந்த தலை நிமிராமல் பழைய வருமானத்தையே எழுதினாள். எதிரே நின்று தலைகீழாகவே அதைப் படித்த தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கணக்கெடுப்புக்காரிக்கு மனசு கேட்கவில்லை. காசு செலவில்லாத ஒன்றையாவது செய்வோம் என்று மகளுக்கு 'நடக்க இயலும்' என்று போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பாதித் தெருவில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. புதுக்கால்கள், தடுமாறித் தடுமாறி வந்தன. இவள் வேகமாக நடந்தால் அவையும் வேகமாக நடந்தன.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே உள்ளே வந்த சிறுமியைப் பார்த்து, "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பசித்த முகத்தைப் பார்த்ததும் தன் தட்டைச் சிறுமியின் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடும்மா."

சாப்பிட்டாள். பானையில் இருந்ததையும் வழித்துப் போட்டாயிற்று. ரொட்டி, பழம், நாளைக்கென்று வைத்திருந்தது எல்லாம் தீர்ந்தது.

"இன்னும் பசிக்குது ஆன்ட்டி," என்றாள். "ஒரு வேளைக்குத்தானே வருமானம் எழுதியிருக்கீங்க. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. அம்மா அப்பாவும் வர்றாங்க. மெதுவா நடந்து வர்றாங்க."

அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது.