முட்டை அட்டையில் எட்டு டேப்பட்

என் தங்கை கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாவு விழுந்த வீடு, நாலு பேர் வந்து போகிறார்கள், ஷெட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு முட்டை அட்டை கிடக்கிறது, அதில் குழிக்கு ஒன்றாக எட்டு இரும்புத் துண்டுகள். பார்த்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? சோப்புத்தூள் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி மூடிவிட்டாள். அட்டையைக் குப்பையில் போட்டாள்.

"அண்ணியோட சாமானையெல்லாம் பளபளன்னு ஆக்கி வெச்சிட்டேன் அண்ணே" என்று அழுதுகொண்டே சொன்னாள். சரி என்றேன். அப்போது யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி என் மனைவியுடையது. அவள் பிறருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நான் ஜன்னல் திரை தைக்கிறவன். வண்டி விஷயத்தில் எனக்குக் கதவைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். மூடுவதையும் அறைந்து மூடுகிறேன் என்று திட்டு வாங்குவேன். அந்தப் பழைய காரின் என்ஜினைப் பிரித்துக் கேம்ஷாஃப்டை மாற்றப்போகிறேன் என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று அந்தத் தண்டுதான் தீர்மானிக்கிறதாம். அதிலிருக்கும் மேடுகள் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் வண்டி பறக்குமாம்.

"இந்த வயசுல யாரோட ரேஸ் விடப்போறே?" என்று கேட்டேன்.

"உங்களோடதான். தோத்துடுவீங்க" என்றாள்.

பழையதைக் கழற்றி வைத்தாள். புதியதை வாங்குவதற்குள் ஒரு மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மொத்த உடம்பும் இருந்தது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிந்தது, வலிக்கவில்லை. திடமான மனுஷன் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். திடமாவது மண்ணாவது. கடைக்குப் போனேன், துணி வெட்டினேன், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த வண்டியின் சத்தம். சாயங்காலம் வாசலில் உள்ள ஷெட்டுக்குள் வந்து நிற்பாள், ஆனால் என்ஜினை அணைக்க மாட்டாள். ரேடியோவில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நான் சமையலறை ஜன்னலிலிருந்து, "பெட்ரோல் என்ன தண்ணியா? ஆஃப் பண்ணு!" என்று கத்துவேன். "இருங்க, பாட்டு முடியட்டும்!" என்று பதிலுக்குக் கத்துவாள். அதற்கடியில் அந்த என்ஜின் மெதுவாக, சீராக ஓடிக்கொண்டே இருக்கும். அதை இன்னொரு தடவை கேட்டால் உள்ளே ஏதாவது அசையும் என்று நம்பினேன். அதனால்தான் அவளுடைய தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் இருக்கிறது.

"பழைய ஷாஃப்டையே மாட்டிக் குடுடா மாப்ளே. ஒண்ணையும் மாத்தாதே."

"சரி மாமா" என்று ஷெட்டுக்குள் போனவன் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதை யாரு மாமா டின்ல போட்டது?"

சொன்னேன். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அந்த இரும்புத் துண்டுகளுக்கு டேப்பட் என்று பெயராம். ஒவ்வொன்றும் ஷாஃப்டில் தனக்கென்று உள்ள ஒரு மேட்டின் மேல் வருஷக்கணக்காக உரசி, அதற்கேற்ற மாதிரி தேய்ந்திருக்குமாம். அதனால்தான் அக்கா அட்டையில் வரிசையாக வைத்திருந்தாளாம்.

"இப்ப எது எங்க இருந்துச்சுன்னு தெரியாது. இடம் மாத்திப் போட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும் மாமா."

"அப்ப டேப்பட்டை மட்டும் புதுசா போடேன்."

"ஷாஃப்டும் தேஞ்சிருக்கே. அதுமேல புதுசை வெச்சா எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. அக்கா வண்டிக்கு நான் அப்படி ஒரு வேலை செய்ய மாட்டேன்."

எட்டையும் விளக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. தங்கையைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தவும் வரவில்லை.

மறுநாள் இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேஜையில் ரப்பர் விரிப்பின்மேல் இரண்டு ஷாஃப்டுகளை வைத்தார். ஒன்று, வண்டி கம்பெனியில் வந்தபோது இருந்த அதே வகை. அதற்குப் புது டேப்பட், டைமிங் செயின், கேஸ்கட் போதும். இன்னொன்று மேடுகளின் உயரம் கூடியது. அதற்கு வால்வு ஸ்பிரிங்கும் விறைப்பாக வேண்டும், பழசு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்றார். எனக்கு இரண்டு தண்டுகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"டீச்சரம்மா இங்க நின்னுதான் இதைப் பாத்தாங்க" என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார். "கையால அமுக்கிப் பாத்துட்டு, 'இது என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு, எவ்வளவு அமுக்கினாலும் முறைச்சுக்கிட்டு எந்திரிக்குது'ன்னாங்க."

சொல்லிச் சிரித்தவர், நினைவு வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் ஸ்பிரிங்கை வாங்கி அமுக்கினேன். துளிகூட இறங்கவில்லை.

"பழைய சத்தம் எதுல வரும்?" என்று கேட்டேன்.

"கம்பெனி ஷாஃப்ட்ல வரும் சார். கிட்டத்தட்ட."

கிட்டத்தட்ட. வாசலில் கிட்டத்தட்ட அவள் வந்து நிற்பாள். நானும் ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். சுருக்கென்று கோபம் வந்தது. அவள் போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது.

"கிட்டத்தட்ட வேணாம். அவ கேட்டதையே குடுங்க."

மச்சினன் என் கையைப் பிடித்தான். "மாமா, யோசிச்சுச் சொல்லுங்க. இது நியூட்ரல்ல நின்னா குதிக்கும், விட்டு விட்டு இழுக்கும். உங்களுக்குப் பிடிக்காது."

"எனக்குப் பிடிக்காதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே கேட்டா? கட்டச் சொல்லுடா."

அவன் மாட்டி முடித்த அன்று சாயங்காலம் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். புது ஷாஃப்டும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று படிய வேண்டுமாம். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் இருபது நிமிஷம் என்ஜின் வேகம் குறையவே கூடாதாம். அவன் முன்னால் நின்று எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பான், நான் மிதித்தபடி இருக்க வேண்டும். சீட் அவளுடைய உயரத்துக்கு முன்னால் தள்ளிக் கிடந்தது. என் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின.

"சீட்டைப் பின்னால தள்ளிக்குங்க மாமா."

"நீ உன் வேலையைப் பாரு."

என்ஜின் அலறியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. மிதித்த காலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் காலும் மரத்துப்போனது. நல்லது, அதுவும் மற்றதோடு சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன்.

மச்சினன் கையைக் காட்டினான். மெல்லக் காலை எடுத்தேன். சத்தம் இறங்கி, குதித்து, நொண்டி, அணையப்போவது போல் பதுங்கி, மறுபடி பிடித்துக்கொண்டு ஓடியது. அவளுடைய சத்தம் இல்லை அது. அவளுக்குக் கேட்கக் கிடைக்காத சத்தம்.

நிமிர்ந்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறை ஜன்னல் நேராகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக இங்கிருந்துதான் என் தலையைப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த ஜன்னலில் என் தங்கை நின்றாள்.

"அண்ணே! பெட்ரோல் வீணாப்போகுது! ஆஃப் பண்ணு!"

"இரு, பாட்டு முடியட்டும்!" என்று கத்தினேன்.

மச்சினன் குனிந்து ரேடியோவைப் பார்த்தான். அது ஓடவில்லை. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழ ஆரம்பித்தேன்.