காம்போரத்து மணி

"பாட்டி படம் போட்டுரலாமுங்கக்கா. கொண்டை, மூக்குக்கண்ணாடி, கையில மத்து. ஊறுகான்னா பாட்டிதான் ஓடுது."

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடிக்கிற ஸ்டெபின் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல். ஒன்றில் கண்ணாயி, மற்றதில் கனகா.

"எங்க ரெண்டு பேருல யாருப்பா பாட்டி?" என்றாள் கண்ணாயி.

"ஐயோ, உங்களச் சொல்லலிங்கக்கா. இது பொதுவான பாட்டிங்க."

"பொதுவான பாட்டி எங்க ஊட்டுக்கு வந்து மிளகு கழுவிக் குடுத்தாளா? எனக்கு இப்பத்தான் அம்பது. இவளுக்கு முப்பத்தெட்டு. எங்க மாமியாளுக்கு ஊறுகான்னாலே வயித்த வலிக்கும்."

"சரிங்க, பாட்டி வேண்டாம். ஏரி? படகு? ஏற்காடுன்னு பாத்த ஒடனே தெரியும்."

"ஏரித் தண்ணியிலயா ஊறப் போட்டீங்கன்னு கேப்பாங்க தம்பி," என்றாள் கனகா.

"அப்ப சேர்வராயன் கோயிலு?"

கண்ணாயி எழுந்தே விட்டாள். "சாமியக் கொண்டுபோயி பாட்டில்ல ஒட்டுவியா? தின்னு முடிச்சு குப்பையில எறிவாங்க. அப்பறம் வைகாசித் திருவிழாவுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மலையேறறது?"

ஸ்டெபின் பெருமூச்சு விட்டு, பச்சை இலை ஒன்றைப் போட்டு, அதற்குக் கீழே 'இயற்கையின் சுவை' என்று அடித்துக் காட்டினான். எழுத்து வளைந்து நெளிந்து அழகாகத்தான் இருந்தது. கனகா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எந்த ஊறுகாய்க்கு வேணும்னாலும் ஒட்டுமே தம்பி."

"அதுதானுங்கக்கா இதுல சௌகரியமே."

அவளுக்கு வேண்டியது அந்தச் சௌகரியம் இல்லை. கண்ணாயியும் அவள் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணுவும் கொட்டச்சேட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருந்தார்கள். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி. கனகா பக்கத்து எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவளுடைய அப்பா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு ஏறி வந்த குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து பச்சை மிளகை எலுமிச்சைச் சாற்றிலும் கல்லுப்பிலும் ஊறவைத்து, சரம் சரமாகப் பாட்டிலில் அடைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். போன மாதம் அதில் ஒன்றை வாங்கிப்போனவள்தான் சேலத்தில் மளிகைச் சாமான் கடை வைத்திருக்கும் கௌரி.

"ருசியப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவ்வளவு நல்லா இருக்கு. நாலு பாட்டில் சாம்பிள் அனுப்புங்க," என்று கூப்பிட்டுச் சொன்னாள் கௌரி. "ஆனா என் ஷெல்ஃப்ல ஊறுகாயே பதிமூணு வகை நிக்குது. உங்களுத ஏன் கையில எடுக்கணும்? அத ஒரு வரியில எழுதிட்டு வாங்க. அந்த வரி இல்லாம நான் வெக்க மாட்டேன்." சாம்பிள் அப்போதே பஸ்ஸில் போய்விட்டது. வரிதான் பாக்கி.

கார்த்திகை முதல் தேதி எஸ்டேட்டில் பழம் பறிப்பு ஆரம்பம். "வர்றியா இல்லியான்னு அதுக்குள்ள சொல்லிரு. இல்லீன்னா உன் பேர அடிச்சுட்டு வேற ஆளப் போட்டுருவேன்," என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஏசுராஜ் சொல்லியிருந்தார். ஷெல்ஃப் கிடைத்தால் கனகா இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் பழைய கூடை, பழைய சரிவு.

"இதயே அனுப்பலாம் தம்பி. வேற தோணல," என்றாள் அரை மனதாக.

மறுநாள் காலையில் கௌரி கூப்பிட்டாள். கனகா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கனகா, 'இயற்கையின் சுவை'ன்னு என் கடையில ஏற்கெனவே எட்டுப் பாட்டில் இருக்கு. ஒம்பதாவது எதுக்கு?"

"வேற எழுதறோமுங்க மேடம்."

"அது கெடக்கட்டும். அதவிடப் பெரிய விஷயம். சாம்பிள் பாட்டில் நாலையும் தட்டுல கொட்டிப் பாத்தேன். ஒவ்வொரு சரத்துலயும் காம்ப ஒட்டி ஒரு மணி இல்ல. ஒண்ணு ரெண்டுலன்னா பரவால்ல. எல்லாத்துலயும் அதே எடம். எலி வாய் வெச்சதா?"

"ஐயோ, எலியெல்லாம் இல்லிங்க மேடம்!"

"அப்ப பூச்சியா?"

"மன்னிச்சுக்கங்க மேடம். இனிமே முழுசா அனுப்பறோமுங்க."

போனை வைத்ததும் கண்ணாயி கேட்டாள், "எதுக்கு மன்னிப்பு? அது அவரு கிள்ளறதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கு அந்த நேரத்துல எலிதானுங்கக்கா கண்ணு முன்னால நின்னுச்சு."

ஐயாக்கண்ணு அப்போது மரத்தின் மேல் இருந்தார். கணுவில் கால்வைக்க இடம் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் அவருக்கு ஏணி. அதில் ஒரு காலைப் பின்னிக்கொண்டு, இடது கையால் கொடியை விலக்கி, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் காம்போரத்து மணியை ஒரு கிள்ளு. உள்ளே பார்ப்பார். பிறகுதான் பறிப்பார், அல்லது விட்டுவிடுவார்.

கனகா கீழேயிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா! இன்னிக்கு ஒரு நாளைக்குக் கிள்ளாமப் பறிங்க!"

"என்ன சாமி சொல்ற?"

"கிள்ளாம! முழுசா வேணுமாமா!"

"கிள்ளாம எப்படித் தெரியும்?"

"உங்களுக்குப் பாத்தாலே தெரியாதுங்களா? இத்தன வருசமாப் பறிக்கிறீங்க!"

மேலே கொடி ஒருமுறை அசைந்தது. "மிளகு பாத்தாத் தெரியற சாமான் இல்ல கண்ணு. சரி, நீ சொல்ற. பறிக்கிறேன்."

மத்தியானத்துக்குள் இரண்டு கூடை நிறைந்துவிட்டது. வழக்கமாக ஒன்று நிறைவதே பெரிய காரியம். கனகாவுக்குச் சந்தோஷம். ஒரு மணிகூடக் குறையாமல் சரங்கள் மினுமினுவென்று கிடந்தன. கழுவி ஈரம் துடைக்க இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணாயி ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். அடுத்த நிமிஷம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுங்கக்கா? காரமா?"

"காரமா? பல்லு போச்சு! கல்லு!"

இன்னொரு சரம் மெத்தென்று இருந்தது. அதற்கடுத்தது கல். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே பச்சை. இரண்டு கூடையில் ஒன்றரைக் கூடை முற்றல். ஊறுகாய்க்கு ஆகாது. காய வைத்துக் கறுப்பு மிளகாக்க வேண்டியதுதான். கண்ணாயி முணுமுணுத்துக்கொண்டே பாயில் கொட்டிப் பரப்பினாள். ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்து, பிஞ்சாகத் தேறிய கொஞ்சத்தைக் கனகா ஊறல் பானையில் போட்டாள்.

ஐயாக்கண்ணு டீ டம்ளரோடு வந்து பாயைப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் கண்ணாயி. "உள்ளயே வெச்சுக்கிட்டா மீசை உதுந்துரும்."

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே. காம்போரத்து மணிதான் மொதல்ல முத்தும். அது பிஞ்சா இருந்தா அந்தச் சரமே பிஞ்சு. அதக் கிள்ளிப் பாக்காம நான் என்ன சோசியமா சொல்றது?"

கனகா பாயில் கிடந்த சரம் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஏனுங்கண்ணா, ஒரு சரத்தக்கூட கிள்ளாம உட மாட்டீங்களா?"

"உட்டா அதுதான் கல்லா இருக்கும்."

"அத்தனயும்? ஒண்ணொண்ணா?"

"பின்ன, ஊருக்கே சேத்து ஒரு கிள்ளா கிள்ளுவாங்க?"

கனகா சிரிக்கவில்லை. "பதினெட்டு வருசம் பழம் பறிச்சிருக்கனுங்கண்ணா. கூடையத் தராசுல வெப்பாங்க, ரைட்டரு நோட்டுல எழுதுவாரு, அவ்வளவுதான். ஒரு பழத்தக் கையில எடுத்து யாரும் பாத்ததில்ல. இங்க ஒவ்வொரு சரத்தயும் ஒரு ஆளு பாத்திருக்காரு. பாத்ததுக்கு அடையாளம் அதுலயே இருக்குது. நான் என்னடான்னா அதுக்குப் போயி மன்னிப்புக் கேட்டிருக்கேன்!"

நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று போய் காலண்டர் தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள்.

"கொறையப் போயி நாமளே எழுதறதா?" என்றாள் கண்ணாயி.

"கொறையின்னு அவங்க நெனைக்கிறதே நாம சொல்லாததாலதானுங்கக்கா. கேளுங்க. 'அனுபவம் மிக்க விவசாயி திரு. ஐயாக்கண்ணு அவர்கள் ஒவ்வொரு மிளகுச் சரத்தையும் தமது நகத்தால் சோதித்து...'"

"இது நொம்ப நல்லா இருக்குது," என்றார் ஐயாக்கண்ணு.

"உங்களுக்கு இருக்கும். பாட்டிலு ஒசரம் அரை அடி," என்றாள் கண்ணாயி. "நகம்னு போட்டா அழுக்கு நகமான்னு கேப்பாங்க. எடு அத."

"அந்த 'அவர்கள்' மட்டுமாச்சும் இருக்கட்டும் சாமி."

நகம் போனது. அனுபவம் போனது. கடைசியில் 'அவர்களும்' போனார்கள். மூன்று காலண்டர் தாளுக்கப்புறம் இரண்டு வரி மிஞ்சியது. அடுத்த பஸ்ஸில் கனகா ஒண்டிக்கடைக்குப் போனாள். ஸ்டெபின் தாளை வாங்கி உரக்கப் படித்தான்.

"'ஒவ்வொரு சரத்திலும் காம்போரம் ஒரு மணி இருக்காது. பிஞ்சா என்று கிள்ளிப் பார்த்துத்தான் பறித்தோம்.' அக்கா, இல்லாததப் போயி லேபிள்ல போடறீங்க. எல்லாரும் இருக்கறதத்தான் போடுவாங்க."

"நீ இத அடி தம்பி."

"படம்?"

"படமே வேண்டாம். லேபிளச் சின்னதா ஒட்டு. கண்ணாடி தெரியட்டும். பாக்கறவங்க உள்ள பாக்கட்டும்."

அடித்ததைக் கௌரிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டுக் கனகா கடை வாசலிலேயே நின்றாள். இரண்டு பஸ் வந்து திரும்பிப் போயின. மூன்றாவது வந்தபோது போன் அடித்தது.

"கிள்ளிப் பாத்தீங்களா? நெசமாவா?" என்றாள் கௌரி.

"அத்தனயும் மேடம். உள்ள வித்து எறுகியிருந்தா கொடியிலயே உட்டுருவோமுங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும். எலின்னதும் பயந்துட்டேன்."

"இருங்க, லைன்லயே இருங்க." கண்ணாடி பாட்டில்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "வேற கம்பெனி பச்ச மிளகு ஒண்ணு இங்க இருக்கு. அத எடுத்துப் பாக்கறேன். எல்லாம் முழுசா இருக்கு."

"நல்லதுதானுங்களே மேடம்."

"நேத்து வரைக்கும் நல்லதுன்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப, இதையெல்லாம் யாரு பாத்தாங்கன்னு தோணுது." கௌரி சிரித்தாள். "ரெண்டு பெட்டி பஸ்ஸுல போட்டு விடுங்க. ரெண்டு வாரம் வெச்சுப் பாக்கறேன். வித்துப் போச்சுன்னா அந்த எடம் உங்களுக்கு."

பெட்டி போயிற்று. முதல் வாரம் கௌரியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது வாரமும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. "நீயே கூப்பிட்டுக் கேளேன்," என்றாள் கண்ணாயி. "வேண்டாமுங்கக்கா. கேட்டா இல்லின்னு சொல்லிருவாங்க," என்றாள் கனகா. ஐப்பசி கடைசித் தேதி காலையில்தான் போன் வந்தது.

"கனகா, ஒருத்தர் பாட்டிலத் திருப்பி எடுத்துட்டு வந்து என் முன்னால நிக்கறாரு."

கனகா பக்கத்திலிருந்த கண்ணாயியின் கையைப் பிடித்தாள். "என்னுங்க மேடம் ஆச்சு?"

"வாங்கினதும் ஊட்டுல எல்லாருமா உக்காந்து ஒவ்வொரு சரமா எடுத்து, மணி இல்லாத எடத்தத் தேடியிருக்காங்க. ஒரே ஒரு சரம் முழுசா இருந்துச்சாம். இதக் கிள்ளலியான்னு கேக்கறாரு."

கனகாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாயில் கொட்டிய அன்றைக்குத் தேறியது என்று அவள் பானையில் போட்டதில் கிள்ளாமல் தப்பிய ஒன்று.

"கிள்ளலிங்க மேடம்," என்றாள். "அன்னிக்கு நான்தான் கிள்ள வேண்டாம்னு சொன்னேன், முழுசா வேணும்னு. அந்தக் கூடையில இருந்து ஒண்ணு தப்பி வந்திருக்குது. அவருக்கு வேற பாட்டில் குடுத்துருங்க, நாங்க அனுப்பிர்றோம்."

"வேண்டாங்கறாரு. அதக் கடிச்சுப் பாத்தாராம். அந்த ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி இருந்துச்சாம். மத்ததெல்லாம் வெண்ணெயாம். எழுதியிருக்கறது நெசந்தான்னு சொல்லி இன்னும் மூணு பாட்டில் கையில வெச்சிருக்காரு. அதோட ரெண்டு பெட்டியும் காலி. கேக்குதா? அடுத்ததுக்கு எப்ப அனுப்பறீங்க? எடத்தத் தொடச்சு வெச்சிருக்கேன்."

கனகா போனைக் கண்ணாயி பக்கம் நீட்டினாள். கண்ணாயிதான் போனை வாங்கி, "அடுத்த வாரமுங்க, நல்லா இருங்க," என்றாள்.

விஷயத்தைக் கேட்ட ஐயாக்கண்ணு கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "உட்டா அதுதான் கல்லா இருக்கும்னு நான் சொன்னனா இல்லியா?"

"இனி இந்த நகத்த வெட்டச் சொன்னா கேக்கவா போறாரு," என்றாள் கண்ணாயி. "கனகா, லேபிள்ல அந்த 'அவர்கள்' போட்டுரு. இல்லீன்னா நமக்கு ஊட்டுல நிம்மதி இருக்காது."

சாயங்காலம் ரைட்டர் ஏசுராஜ் பைக்கில் வந்து வேலியோரம் நின்றார். இஞ்சினை அணைக்கவில்லை.

"என்னம்மா கனகா, நாளைக்கு வர்றியா?"

"இல்லிங்க ரைட்டரய்யா. என் பேர அடிச்சுருங்க."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். கனகா உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "ஊட்டுக்குக் கொண்டு போங்க. இந்த லேபிள் ஒட்டின மொதப் பாட்டிலு உங்களுக்குத்தான்னு வெச்சிருந்தேன்."

ஏசுராஜ் லேபிளைப் படித்தார். புருவம் ஏறியது. "என்னம்மா இது? மணி இல்லீன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க?"

"உள்ள பாருங்க."

பாட்டிலை மேற்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மெல்லத் திருப்பினார். பிறகு பைக்கை அணைத்துவிட்டு இறங்கி, வேலிக் கல்லில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

"ஆமா," என்றார். "இதுலயும் இல்ல."